உலகத் தரமான மௌனம்

உலக சினிமா அங்கீகரித்த மாபெரும் மௌனத்துக்குச் சொந்தக்காரரான என் கணவர் கங்காதரன், தம் வாழ்வின் கடைசி நாள் காலையில் செருப்பைக் காணோம் என்று போட்ட கூச்சல் கல்பாக்கம் டவுன்ஷிப் வரைக்கும் கேட்டது.

"ஏமே கல்யாணி! என் எடது செருப்பு எங்க கீது?"

நான் அடுப்படியில் சங்கரா மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "வாயால தேடாதீங்க, கண்ணால தேடுங்க" என்றேன். கல்யாணமான புதிதிலிருந்து நான் அவருக்குச் சொல்லிவந்த பதில் அது. அவர் எதைத் தொலைத்தாலும் முதலில் வாயால்தான் தேடுவார்.

"கண்ணாலயும் தேடிட்டேன்மே! வலது கீது, எடதக் காணோம். எவனாவது ஒத்தச் செருப்பத் திருடுவானா?"

எதிர்வீட்டு ஆதியம்மாள் அக்கா தன் வீட்டுக்குள் இருந்தபடியே சொன்னார்: "நாயி தூக்கினு போயிருக்கும் நைனா! நீ கத்தன கத்துல அது போட்டுட்டு ஓடியிருக்கும். கரையில பாரு!"

வலது செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு, நாய்களின் பரம்பரையையே ஏசிக்கொண்டு கரைக்குப் போனார். அவ்வளவு சாதாரணமான காலை சதுரங்கப்பட்டினத்தில் அதற்கு முன் விடிந்ததில்லை.

இப்படிப்பட்டவர் எப்படி மௌனத்துக்காகப் புகழ் பெற்றார் என்று நீங்கள் கேட்கலாம். கலையின் மகத்துவம் அதுதான்.

என் கணவர் எங்கள் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். படகுகள் வந்து மீனைக் குவித்ததும் குவியலுக்குப் பக்கத்தில் நின்று விலை கூவுவார். மைக் கிடையாது, கேட்டால் கோபித்துக்கொள்வார். நடுக்கடலில் இருப்பவர்கள் அன்றைய விலை நிலவரத்தைப் போனில் விசாரிக்க மாட்டார்கள். கரைப் பக்கம் காதைத் திருப்பிக்கொள்வார்கள். நாங்கள் இருவரும் ஏதாவது ரகசியம் பேச வேண்டியிருந்தால் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போய்ப் பேசுவோம். அங்கேயும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் நாற்காலிக்கு மேலே 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அவர் ஏலம் விடும் சத்தம் அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் உள்ளே வரும். வாசகர்கள் நாளிதழைப் படித்தபடியே வஞ்சிரம் என்ன விலை என்று தெரிந்துகொள்வார்கள். வேறெந்த நூலகத்திலும் இந்த வசதி இல்லை.

இந்தக் கரைக்குத்தான் இயக்குநர் அரவிந்தன் வந்து சேர்ந்தார். அவர் கூடுவாஞ்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆழ்ந்து சிந்தித்துவந்தவர். அங்கிருந்து கடல் தெரியாது என்பது அந்தச் சிந்தனைக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை. ஏலம் நடந்துகொண்டிருந்தபோது வந்தவர், என் கணவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணா, நீங்கதான். நான் தேடிட்டிருந்தது உங்க முகத்தைத்தான்."

"எத்தத் தேடினு வந்த தம்பி? சங்கராவா, காரப்பொடி மீனா?"

"படம் எடுக்கறேன். நீங்க அதுல இருக்கணும்."

"எனக்கு நடிக்கல்லாம் வராதுப்பா."

"நடிக்கவே கூடாது. சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கறதுக்கா இத்தினி பேரு வண்டி கட்டினு வந்துகீறீங்கோ?"

சுற்றி நின்ற கரை முழுவதும் சிரித்தது. அரவிந்தன் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரித்து நான் பார்த்ததில்லை. பெரிய கலைஞர்.

படத்தின் பெயர் 'ஈரமணலின் எடை'. எங்கள் ஊர் டச்சுக் கோட்டைச் சுவரில் என் கணவரை உட்காரவைத்து, கடலைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் எனக்கு விவரம் சொல்வார்.

"இன்னிக்கும் கடலத்தான் பாக்கச் சொன்னாங்கமே."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். கடல் ஒண்ணும் பண்ல. நானும் ஒண்ணும் பண்ல. அரவிந்தன் தம்பி மட்டும் கண்ணத் தொடச்சிக்கினு கீது."

அந்தக் குழுவில் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது பிரியங்கா என்ற பெண். ஒலிப்பதிவு அவள் பொறுப்பு. நீண்ட கம்பின் நுனியில் பூனை போல ரோமம் வைத்த மைக்கைக் கட்டி, அவர் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போவாள். அவர் அவளைப் 'பூனைக்காரப் பொண்ணு' என்பார். ஏலத்தைப் படம்பிடித்த ஒரு நாள் தவிர, கேமரா ஓடும்போது அவர் பேசக் கூடாது. அது நின்றதும் பிடித்துக்கொள்வார். ஏலக் கதை, படகு கவிழ்ந்த கதை, என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா காதைப் பொத்திக்கொண்ட கதை. பூனை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

"அண்ணா, இதெல்லாம் கூட ரெக்கார்ட் ஆகுது."

"ஆவட்டும் பாப்பா. என்னிக்காவது எனக்குத் தொண்ட கட்டிச்சின்னா அத்தப் போட்டு ஏலம் வுட்டுக்கறேன்."

படப்பிடிப்பின் கடைசி நாள் மாலை கிளம்பும்போது அரவிந்தன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க குரல்தாண்ணா இந்தப் படத்துக்கு உயிர்" என்றார். உயிரை அவர் என்ன செய்வார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில்தான் செருப்பைக் காணோம்.

அன்று கரையில் ஒரு குவியல் சங்கரா. கடைசியாக விலை கேட்டது ஆதியம்மாள் அக்கா. "ஒரு தரம்" என்றார் என் கணவர். "ரெண்டு தரம்" என்றார். மூன்றாவது தரத்துக்காகக் கரை காத்திருந்தது. அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தார்களாம். அவர் பேச்சை நடுவில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவருடைய குரல் எங்கேயும் இல்லை. போனில் குரல்பதிவு அனுப்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "கத்துனா கேக்கப் போவுது, இத்த இன்னாத்துக்கு அமுக்கினு?" என்பார். கல்யாண வீடியோக்களில் அவர் வாய் அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. கோயில் திருவிழாவில் எடுத்த ஒன்றில் ஜெனரேட்டர் சத்தம். கரை முழுக்க நிறைந்திருந்த குரல் ஒரு டப்பியில்கூட இல்லை. வீட்டில் அவ்வளவு அமைதி. என் தலைக்கு மேலிருந்த பலகை ஜெயித்துவிட்டது.

ஆனால் பூனை கேட்டிருக்கிறதே! அரவிந்தனுக்குப் போன் செய்தேன். அவர் குரலை ஒருமுறை கேட்க வேண்டும் தம்பி, வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

"படத்துல கேளுங்கக்கா. துண்டா கேட்டா அது வெறும் சத்தம். படத்துல கேட்டா அனுபவம்."

அனுபவத்துக்காக நான் காத்திருந்தேன்.

இதற்கிடையில் படம் வெளிநாடுகளுக்குப் போய்ப் பரிசுகளோடு திரும்பியது. அதைப் புகழ்கிற பத்திரிகைகள் என் நூலகத்துக்கே வந்தன. ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தி அடுக்கிவைப்பது என் கடமை. புகழ் பெற்ற விமர்சகர் சதாசிவம், 'கங்காதரனின் தொண்டைக்குள் ஒரு கடல் உறங்குகிறது' என்று எழுதியிருந்தார். எழுப்பிவிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டு முத்திரை குத்தினேன். இன்னொரு நாட்டின் நடுவர் குழு, 'மொழியற்ற மக்களின் மொழி' என்று பாராட்டியிருந்தது. அதை ஆதியம்மாள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"மொழியில்லாத மக்களா? யாரு, நம்பளா?"

"ஆமாக்கா."

"அவுங்க நம்ப தெருக் கொழாயாண்ட தண்ணி புடிக்க வந்ததில்ல போல கீது."

வருஷம் திரும்புகிற சமயத்தில் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் திரைப்பட விழா. எங்கள் தெருவுக்கு அழைப்பிதழ் வந்தது. இயக்குநர், தயாரிப்பாளர், விமர்சகர்கள் பெயர்களுக்குக் கீழே, 'மற்றும் படத்தின் நிலப்பரப்பாக விளங்கிய மக்கள்' என்று அச்சிட்டிருந்தார்கள். நிலப்பரப்பாகிய நாங்கள் மீன் வண்டியைக் கழுவி, அதில் ஏறிக்கொண்டு போனோம். அவர் குரலைக் கேட்கப்போகிறோம் என்பதால் ஆளாளுக்கு நல்ல புடவை. ஆதியம்மாள் அக்கா பையில் அவருக்குப் பிடித்த வறுத்த மீனைக்கூட எடுத்துவந்திருந்தார். "பேசனா பசிக்கும் அவனுக்கு" என்றார்.

விளக்குகளை அணைத்தார்கள். திரை இருட்டாக இருந்தது. அலை அடித்தது. வெகு நேரம் அடித்தது.

"கரண்டு போச்சா?" என்றார் ஆதியம்மாள் அக்கா.

"இல்லக்கா, படம் ஆரம்பிச்சிடுச்சு."

பிறகு அவர் வந்தார். கோட்டைச் சுவரில், நீலச் சட்டையில், முழுத் திரைக்கும். பின்வரிசையில் எங்கள் தெரு விசிலடித்தது. நான் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இப்போது பேசுவார். இதோ பேசப்போகிறார். ஓர் எறும்பு அவர் முழங்கையில் ஏறியது. சற்று யோசித்தது. இறங்கியது. இடைவேளைக்கு முன் நடந்த முக்கியமான சம்பவம் அதுதான். இடைவேளையே கிடையாது என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

முன்வரிசையில் விமர்சகர்கள் அந்த எறும்புக்குத் தலையசைத்தார்கள்.

ஒருவழியாக ஏலக் காட்சி வந்தது. மீன் குவியல், சுற்றிலும் கரைக்காரர்கள், நடுவில் அவர். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்த நரம்பை எனக்குத் தெரியும். அது அப்படிப் புடைத்தால் கோட்டையில் புறா பறக்கும்.

குரல் வரவில்லை. எங்கேயோ யாரோ ஒரு வயலின் தந்தியை ஒரே ஒருமுறை இழுத்தார்கள். அவ்வளவுதான்.

முதலில் மிஷின் பழுது என்று நினைத்தோம். ஆனால் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. எங்கள் கரையில் பிறந்தவர்களுக்கு ஏலம் என்பது காதோடு நிற்கிற காரியமல்ல. காற்று எதிர்த்து அடிக்கிற நாளில் வாயசைவைப் பார்த்தே விலை கேட்டுப் பழகியவர்கள். இருட்டில் யாரோ ஒருவர், தன்னை அறியாமலே, திரையைப் பார்த்து விலையை ஏற்றினார். உடனே அடுத்தவர் ஏற்றினார். படத்தில் அவர் கை நீட்டுகிற பக்கமெல்லாம் எங்கள் வரிசையில் குரல் எழுந்தது. ஆதியம்மாள் அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏய், நாங் கேட்டது அவனுக்குக் கேக்கல! இன்னும் நூறு ஏத்திக்க நைனா!"

முன்வரிசையிலிருந்து சதாசிவம் திரும்பினார். தோளில் சணல் பை, முகத்தில் மிகுந்த வேதனை.

"ஷ்ஷ்! தயவுசெஞ்சு உட்காருங்க. மௌனம் ஓடிட்டிருக்கு!"

"அது ஓடட்டும் சார்! இங்க ஏலம் ஓடினு கீது!"

திரையில் அவர் ஒரு விரலை நீட்டினார். "ஒரு தரம்!" என்றது எங்கள் தெரு. இரண்டு விரல். "ரெண்டு தரம்!" எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். நானும்தான். அவர் மூன்றாவது விரலை நீட்டி, வாயைத் திறந்தார். "மூணு தரம்!" என்று எங்கள் வரிசை போட்ட சத்தத்தில் விடுதி ஆள் டார்ச்சோடு ஓடிவந்தார். ஆதியம்மாள் அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "எனக்குத்தான் முடிஞ்சிச்சு" என்று அழ ஆரம்பித்தார்.

அந்தப் படத்தில் நாங்கள் கேட்ட ஒரே சத்தம் நாங்கள் போட்டதுதான்.

கடைசிக் காட்சியைப் பற்றி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். யாருமில்லாத கரை. ஈர மணல். மணலில் ஒற்றைச் செருப்பு. கேமரா அதை மெல்ல, மிக மெல்ல நெருங்குகிறது. 'நவீன மனிதன் கழற்றி எறிந்த ஆன்மா' என்று சதாசிவம் எழுதியிருந்ததை நானே முத்திரை குத்தி அடுக்கியிருக்கிறேன். திரையில் அது பெரிதாகிக்கொண்டே வந்தது. இடது செருப்பு. அறுந்த வாருக்கு நான் நீல நைலான் வலை நூலால் போட்ட தையல், பனைமர உயரத்துக்கு.

நான் சத்தம் போட்டுப் பேசாதவள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே போட்டுவிடுவார். என் குரல் இவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

"தோ கீது! உங்க செருப்பு தோ இங்க கீதுங்க!"

விளக்குகள் எரிந்தன. கைதட்டினார்கள். அரவிந்தன் மேடைக்கு வந்து, பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்றார். நான் எழுந்து, அவர் குரல் எங்கே தம்பி என்று கேட்டேன்.

"குரல் இல்லாததுதான்கா அவர் குரல்."

அரங்கம் மீண்டும் கைதட்டியது. சதாசிவம் எனக்காக இரக்கப்பட்டார். "அம்மா, உங்களுக்குப் படம் பிடிக்கலைன்னு தெரியுது. இப்படிப்பட்ட படங்களைப் பார்க்க ஒரு பயிற்சி வேணும். நிறையப் படிக்கணும். பக்கத்துல நூலகம் ஏதாவது இருந்தா போங்க."

போகிறேன் என்றேன். தினமும்தான் போகிறேன்.

பிரியங்கா மேடையின் ஓரத்திலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணன் பேசினதெல்லாம் அழிச்சிட்டாங்கக்கா. டிஸ்க்ல எடம் பத்தல. அலைச் சத்தம் போட வேண்டியிருந்துச்சு."

"எங்க கரையில அலை இல்லையா கண்ணு?"

"எடுத்தேன்கா, நெறைய எடுத்தேன். எல்லா அலையிலயும் அண்ணன் குரல் கலந்திருந்துச்சு. சுத்தமான அலைதான் வேணும்னு சார் வெளிநாட்டுலேர்ந்து வாங்கிட்டாரு."

ஆதியம்மாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அலையவா? கப்பல்ல வந்திச்சா?"

செருப்பைப் பற்றி அரவிந்தனிடமே கேட்டேன். கிளம்பிய அன்றிரவு எங்கள் வாசலில் எடுத்ததாம், அது பத்திரமாக இருக்கிறது என்றார். பரிசு கொடுத்த ஊரில் ஓர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டியில், தனி விளக்கு போட்டு வைத்திருக்கிறார்களாம். "எங்களுக்கெல்லாம் பெருமைக்கா" என்றார்.

"சொல்லிட்டு எடுத்திருக்கலாமே தம்பி. அன்னிக்குக் காலையில தேடினாரு."

"சொல்லியிருந்தா அது நடிப்பாயிருக்கும்கா. செருப்போட உண்மை போயிருக்கும்."

நியாயம்தான். உண்மை கெடாமல் எடுத்துக்கொண்டு போவதைத் திருட்டு என்று சொல்கிற பாமரத்தனம் என் கணவரோடு போகட்டும்.

அடுத்த மாதம் சதாசிவத்தின் புதிய கட்டுரை வந்தது. மாமல்லபுரத்தில் படம் முடிந்தபோது, கலையின் உச்சம் தாங்காமல் எளிய கிராமத்துப் பெண் ஒருத்தி வாய்விட்டு அலறியதைத் தாமே நேரில் கண்டதாக எழுதியிருந்தார். இப்போது படத்தின் சுவரொட்டியில் 'பார்வையாளர்களைக் கதறவைக்கும் காவியம்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கதறலுக்குச் சொந்தக்காரி என்ற முறையில் உலக சினிமாவில் எனக்கும் ஒரு சிறிய இடம் கிடைத்துவிட்டது. கட்டுரைக்கு முத்திரை குத்தி அடுக்கிவிட்டேன்.

ஆகவே எனக்குப் படம் பிடிக்கவில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. என் கணவரை ஒரு நிமிடம் வாய்மூடி இருக்கச் செய்ய நானும் முயன்றிருக்கிறேன், ஆதியம்மாள் அக்கா முயன்றிருக்கிறார், அரசாங்கம் ஒரு பலகையே கொடுத்துப் பார்த்தது. யாராலும் முடியவில்லை. மாரடைப்பால்கூட மூன்றாவது தரத்தைத்தான் நிறுத்த முடிந்தது. அரவிந்தன் அதைப் படம் முழுவதும் செய்து காட்டினார். என் கணவரைச் சாவு கொண்டுபோனது ஒரு தரம். படம் கொண்டுபோனது ரெண்டு தரம். மூன்றாவது தரம் சொல்ல நான் விடுவதாக இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வலது செருப்பு வாசலில் அவர் விட்ட இடத்தில்தான் கிடக்கிறது. காலையில் பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குகிறேன்.